உடம்புக்குப் பயம் தெளிய: தீராத வலிக்கும் பழைய அதிர்ச்சிக்கும் ஒரு முழு வழிகாட்டி

அந்த அக்கா முதல் நாள் வந்தபோது கட்டைப்பையை மகன் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். மேசையில் கொட்டினார்: நான்கு எக்ஸ்ரே, இரண்டு எம்ஆர்ஐ, பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள், வியர்வையில் நிறம் மங்கிய இடுப்பு பெல்ட். வயது 43. திருப்பூர் பனியன் கம்பெனியில் 16 வருடமாக ஓவர்லாக் டெய்லர். 3 வருடத்துக்கு முன் கம்பெனி வேன் கவிழ்ந்ததில் இடுப்பில் அடி. எலும்பு முறியவில்லை. அடி ஆறிவிட்டது, வலி மட்டும் தங்கிவிட்டது.

அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங்க மேடம், எலும்பு டாக்டரு உங்ககிட்டப் போகச் சொன்னாருன்னா, என்ற வலி பொய்யின்னு அர்த்தமுங்களா?"

இந்த அக்கா ஒரே ஆள் இல்லை. ஆலோசகரான என்னிடம் வந்த பலரின் கதைகளைக் கலந்து, யாருடைய அடையாளமும் தெரியாதபடி ஒருவராக்கி எழுதுகிறேன். ஆனால் அந்தக் கேள்வி எல்லோரும் கேட்டது. பதில்: வலி பொய் இல்லை. மனசாக உண்டாக்கிக்கொண்டதும் இல்லை. அக்காவின் நரம்பு மண்டலத்துக்கு இன்னும் பயம் தெளியவில்லை, அவ்வளவுதான். குழந்தை எதையாவது கண்டு மிரண்டு, ராத்திரியெல்லாம் தூக்கிப் போட்டால் 'பயந்த கோளாறு' என்று சொல்லித் திருநீறு போடுவோமே, கிட்டத்தட்ட அதுதான் இங்கே இடுப்பில் நடந்துகொண்டிருந்தது.

இந்த வழிமுறையில் எதை எப்போது செய்வது என்ற வரிசை ரொம்ப முக்கியம். "உள்ளே அடக்கி வைத்ததைக் கொட்டிவிட்டால் வலி போய்விடும்" என்று நம்பி, எடுத்த எடுப்பில் பழைய காயத்தைக் கிளறி, முன்பைவிட மோசமாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கிணறு தூர்வார இறங்குகிறவர் முதலில் கயிற்றைத்தான் கட்டுவார். கீழே உள்ள படிகளில் முக்கால்வாசி அந்தக் கயிறு கட்டும் வேலைதான்.

முதல் படி: டாக்டர் பார்க்க வேண்டியதை டாக்டர் பார்க்கட்டும்

முதுகுவலியோடு சிறுநீரோ மலமோ அறியாமல் போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ, கால் பலவீனமாகிச் செருப்பு தானாக நழுவினாலோ, இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாதவை இவை. காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி தூங்கவிடாத வலி, முன்பு புற்றுநோய் இருந்தது, வயதானவர் கீழே விழுந்தது ஆகியவற்றையும் சில நாட்களுக்குள் காட்டிவிட வேண்டும். நம் ஊரில் முதுகெலும்பிலும் காசநோய் வரும் என்பதை மறக்கக் கூடாது. 40 வயதுக்குள் இருப்பவருக்குக் காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருந்து, நடந்தால் குறைந்து, படுத்தால் கூடினால் மூட்டுவாத நிபுணரைப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலியையும் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலியையும் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பிரீகாபாலின், காபாபென்டின் மாதிரி நரம்பு மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் ஆபத்து. எழுதிக்கொடுத்தவரிடம் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

சிலருக்கு உடம்பில் உள்ள காயம், உள்ளே தங்கிய பயம் இரண்டும் கலந்திருக்கும். 2009 வரை நடந்த போரில் காயப்பட்ட ஈழத்து ஆட்களில் பலர் உடம்புக்குள் ஷெல் துண்டோடு இன்றும் வாழ்கிறார்கள். அவர்கள் எம்ஆர்ஐ அறைக்குள் போகும் முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உள்ளே கிடக்கும் இரும்பும் வலிக்கலாம், அன்றைக்கு உறைந்த பயமும் வலிக்கலாம். ஒன்றுக்கு வைத்தியம் பார்ப்பதால் மற்றதை விட்டுவிட வேண்டியதில்லை.

இரண்டாம் படி: வலி எங்கே உண்டாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைப் பலர் 'லெக்சர்' என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். என் கணக்கில் இதுவே பாதி மருந்து.

1995இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு சின்னக் குறிப்பு வந்தது. 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் மேலிருந்து குதித்தபோது 15 சென்டிமீட்டர் ஆணி அவருடைய பூட்ஸைத் துளைத்து மேலே வந்துவிட்டது. ஆணி துளி அசைந்தாலும் உயிர் போகிற வலி. மயக்க மருந்தும் வலிநிவாரணியும் கொடுத்து, ஆணியைக் கீழ்ப்பக்கமாக உருவி, பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால் காலில் ஒரு கீறல்கூட இல்லை. ஆணி இரண்டு விரல்களுக்கு நடுவே போயிருந்தது. அந்த மனிதர் நடிக்கவில்லை. கண் பார்த்ததை மூளை நம்பியது, ஆபத்து என்று முடிவு கட்டியது, வலியை உண்டாக்கியது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கை வெட்டி எடுக்கப்பட்டவருக்கு, இல்லாத கையின் விரல்கள் உள்ளங்கையில் குத்துவதுபோல வலிப்பதுண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் அமெரிக்காவின் சான் டியாகோவில் இதற்கு ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்தினார். இருக்கிற கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும். இருக்கிற கையை விரித்தால், இறுக மூடிக்கிடந்த இல்லாத கையும் விரிந்ததாகச் சிலர் உணர்ந்தார்கள், வலியும் தணிந்தது. உடம்பிலிருந்து போவது சேதி மட்டும்தான். அது வலியா இல்லையா என்று கடைசியில் முடிவு செய்வது மூளை.

அப்படியானால் எம்ஆர்ஐயில் 'ஜவ்வு தேய்ஞ்சிருக்கு' என்று வந்ததே? வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைப் பற்றிய 33 ஆய்வுகளைச் சேர்த்து 2015இல் ஒரு தொகுப்பு வெளியானது. எந்த வலியும் இல்லாத 40 வயதுக்காரர்களில் 68 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 50 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம். நரைமுடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் பொய் சொல்லவில்லை. ஆனால் அதில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

அக்காவுக்கு நான் சொன்ன உவமை இது. ஒருமுறை திருடன் புகுந்த வீட்டு நாய், அப்புறம் பால்காரரைப் பார்த்தாலும் குரைக்கும், தென்னை மட்டை விழுந்தாலும் குரைக்கும். நாய் கெட்ட நாய் இல்லை, வேலையைத்தான் செய்கிறது. அடித்தால் இன்னும் அதிகமாகக் குரைக்கும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிகள் பலவற்றில், அடிபட்ட இடம் ஆறிய பிறகும் இந்த நாய் அடங்குவதில்லை.

விபத்தில் இன்னொரு சிக்கல். வலியும் மரண பயமும் ஒரே நொடியில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். இடுப்பு வலித்தால் அடிமனசில் வேன் கவிழும். வேன் நினைவு வந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஒன்று மற்றதைத் தூங்கவிடாது.

மூன்றாம் படி: பத்து நாள் நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு நாளைக்கு மூன்று தடவை நான்கு விஷயம் எழுதுங்கள்: நேரம், வலி 0 முதல் 10க்குள் எவ்வளவு, எந்த மாதிரி வலி, அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் என்ன நடந்தது.

'எந்த மாதிரி' என்பதில் கொஞ்சம் நில்லுங்கள். நம் மொழியில் வலிக்கு எத்தனை பேர்! குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு, பிடிப்பு, மதமதப்பு, சுருக், விண்விண். 'ஒரே வலி, எப்பவும் வலி' என்று வருகிறவர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்ததும் யோசிக்க ஆரம்பிப்பார்கள். காலையில் இருந்தது கடுப்பு, சாயங்காலம் வந்தது சுருக் என்று பிரித்துச் சொல்ல முடிந்தாலே, மாறாத பாறை மாதிரி இருந்தது மாறுகிற பொருளாகிவிடும்.

பத்து நாள் கழித்து நோட்டில் தேட வேண்டியவை: வலி இடம் மாறுகிறதா, ஆள், இடம், கிழமையைப் பொறுத்துக் கூடிக் குறைகிறதா, அடியே படாத இடத்துக்கும் பரவுகிறதா, ஏதாவதில் மூழ்கியிருந்தபோது மறந்துபோனதா, வீட்டில் பிரச்சினை உள்ள வாரத்தில் ஏறியதா. இதில் எதுவுமே தனியாகச் சாட்சி ஆகாது. நாலைந்து சேர்ந்து வந்தால், மருத்துவரும் பெரிய கோளாறு இல்லை என்று சொல்லியிருந்தால், குரைப்பது அந்த நாய்தான் என்று ஓரளவு நம்பலாம்.

அக்காவின் நோட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக 'துணி 4 வாளி, வலி 2' என்று இருந்தது. திங்கள் மதியம் மெஷினில் உட்கார்ந்தபடி 4. ராத்திரி எட்டு மணிக்கு 7. செவ்வாயும் எட்டு மணிக்கு 7. புதனும் அதே.

"நாலு வாளி துணியைக் குனிஞ்சு நிமிந்து துவைச்சப்ப ரெண்டுதானுங்களா அக்கா?"

"ஆமாங்க."

"எட்டு மணிக்கு என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்றதில்லீங்க. ஷிப்ட் முடிஞ்சு கேட்டுக்கு முன்னால சும்மா நிக்கிறதுதான். வேன் வரோணுமில்ல..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஆலோசகர் வாயைத் திறக்கக் கூடாத தருணங்களில் அது ஒன்று.

நான்காம் படி: கால் ஊன்ற ஓர் இடம்

நாயைத் தடவிக்கொடுக்கும் பயிற்சிகள் இவை. தினமும் இரண்டு வேளை, ஐந்தைந்து நிமிடம். வலி இல்லாத நேரத்திலும் செய்ய வேண்டும். நெருப்பு பிடித்த பிறகு கிணறு வெட்ட முடியாது.

நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் தரையில் பதியுங்கள். தரை சில்லென்று இருக்கிறதா, சொரசொரப்பாக இருக்கிறதா என்று கவனியுங்கள். கண்ணை மூட வேண்டாம். கழுத்தை மெதுவாகத் திருப்பி அறையைச் சுற்றிப் பாருங்கள், புது வீட்டுக்கு வந்த பூனை பார்க்கிற மாதிரி. கதவு எங்கே, ஜன்னல் எங்கே, வெளிச்சம் எதன் மேல் விழுகிறது. கண்ணுக்குப் பிடித்த ஒரு பொருளில் பார்வையைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். பிறகு மூச்சு: நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. அடக்கிப் பிடிக்க வேண்டாம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். வெளிமூச்சோடு 'ம்ம்ம்' என்று முனகினாலும் நல்லது. தாலாட்டில் நம் பாட்டிகள் செய்ததும் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. மூச்சைக் கவனிக்கச் சொன்னாலே பதறுகிறவர்கள் உண்டு. தண்ணீரில் மூழ்கித் தப்பியவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், கழுத்து நெரிக்கப்பட்டவர்கள். இப்படிப் பதறுகிறவர்களுக்கு மூச்சுப் பயிற்சி வேண்டாம். பாதமும் கண்ணும் காதும் போதும். 'தியானம் எல்லோருக்கும் நல்லது' என்று சொல்கிறவர்களிடம் எனக்கு இந்த ஒரு விஷயத்தில் சண்டை உண்டு.

இரண்டு வாரமாவது இதைச் செய்யுங்கள். படபடப்பு வந்தால் ஐந்து நிமிடத்தில் ஓரளவு தணிக்க முடிகிறது என்ற நம்பிக்கை வந்த பிறகே அடுத்த படி.

ஐந்தாம் படி: வலியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது

வலியை ஆபத்தாக எடுத்துக்கொள்ளாமலிருக்க மூளையைப் பழக்கும் பெயின் ரீபிராசஸிங் தெரபி என்ற சிகிச்சையின் நடு நரம்பு இந்தப் பயிற்சி. சொமாட்டிக் டிராக்கிங் என்பார்கள். வலி 3, 4, 5 என்று இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். 8, 9 இருக்கும்போது ஓய்வு, ஒத்தடம், டாக்டர் தந்த மாத்திரை இவைதான்.

வசதியாக உட்காருங்கள் அல்லது படுங்கள். நான்காம் படியைக் கொஞ்சம் செய்யுங்கள். பிறகு கவனத்தை மெதுவாக வலி இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். உள்ளே குதிக்க வேண்டாம், திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிற மாதிரி. எவ்வளவு பெரிசு? உள்ளங்கை அளவா, நாணய அளவா? ஓரம் கூர்மையா, மங்கலா? சூடா, கனமா? நிற்கிறதா, நகர்கிறதா? நடுநடுவே உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்: "டாக்டர் பார்த்தாச்சு. ஆபத்து ஒண்ணும் இல்ல. நாய் குரைக்குது, திருடன் இல்ல." கூடினாலும் பார்க்கலாம், குறைந்தாலும் பார்க்கலாம். ஐந்து முதல் பத்து நிமிடம். பிறகு கவனத்தை எடுத்து உடம்பில் சுகமாக இருக்கும் ஓர் இடத்தில் வையுங்கள். காது மடலாவது சுகமாக இருக்கும்.

எல்லோரும் சறுக்குவது ஓர் இடத்தில்: வலியைப் போக வைப்பதற்காகவே இதைச் செய்வது. "பத்து நிமிஷம் பாத்தேன், போகவே இல்லையே" என்றால் பார்க்கவில்லை, விரட்டிக்கொண்டிருந்தீர்கள் என்று அர்த்தம். விரட்டினால் நாய் ஓடாது. பயப்படாத ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அதற்குத் தெரிய வேண்டும், அதுதான் பயிற்சியின் நோக்கம். முகத்தைச் சுளிக்காமல், கொஞ்சம் வேடிக்கை பார்க்கும் மனசோடு செய்யுங்கள்.

அக்கா மூன்றாவது தடவையில் திடீரென்று சிரித்துவிட்டார். "இந்தப் பக்கம் பாத்தா அக்கட்டால ஓடுதுங்க மேடம், ஓணானாட்ட." மூன்று வருடத்தில் அந்த வலியைப் பார்த்து அவர் சிரித்தது அன்றைக்குத்தான். எண் குறையவில்லை. நோட்டில் 5 என்றே எழுதினார். எனக்கு அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது.

இதற்கு ஆதாரம் உண்டா? அமெரிக்காவின் கொலராடோவில் நாள்பட்ட முதுகுவலி உள்ள 151 பேரை மூன்று பிரிவாக்கிச் செய்த ஆய்வு 2021இல் வெளியானது. இந்தச் சிகிச்சையை நான்கு வாரத்தில் வாரம் இரண்டு அமர்வாகப் பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கு வலி அறவே இல்லை அல்லது இல்லாததுபோல் ஆனது. மருந்தில்லாத ஊசி போடப்பட்டவர்களில் 20 சதவீதம், வழக்கமான வைத்தியத்தைத் தொடர்ந்தவர்களில் 10 சதவீதம். பலன் ஒரு வருடம் கழித்தும் பெரும்பாலும் நிலைத்திருந்தது. பெரிய விஷயம்தான். ஆனால் அதில் இருந்தவர்கள் மிதமான வலி உள்ளவர்கள், பெரும்பாலும் நன்கு படித்தவர்கள். பத்து மணி நேர ஷிப்ட் பார்க்கிறவருக்கும் நான்கே வாரத்தில் அப்படி ஆகும் என்று நான் சொல்ல மாட்டேன். அக்காவுக்கு எட்டு மாதம் ஆயிற்று.

ஆறாம் படி: மறுபடி குனிவது

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. 'குனியாதீங்க, வெயிட் தூக்காதீங்க' என்று யாரோ சொன்னதை மூன்று வருடம் கடைப்பிடித்தால் தசை இளைக்கும், மூளையோ குனிவதையே கொலைக் குற்றமாகக் கருதும். (ஞாயிற்றுக்கிழமை நான்கு வாளி துணி துவைத்தபோது அக்கா இந்தத் தடையை மறந்தேபோயிருந்தார் என்பதைக் கவனியுங்கள்.)

எது பயமோ அதைச் சின்னதாக உடையுங்கள். தண்ணீர் வாளியைத் தூக்குவது பயம் என்றால்: முதல் மூன்று நாள் தூக்குவதாக மனசுக்குள் மட்டும் பாருங்கள். சிலருக்கு அப்போதே இடுப்பு பிடிக்கும். அதுவே ஒரு பாடம்தான், கற்பனை வாளிக்கு எடை ஏது? பிறகு மூன்று நாள் காலி வாளி. பிறகு இரண்டு சொம்புத் தண்ணீர். பிறகு நான்கு. தூக்கும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள், பல்லைக் கடிக்காதீர்கள். வலி இரண்டு எண் ஏறி மறுநாள் காலைக்குள் இறங்கினால் அளவு சரி. இறங்காவிட்டால் ஒரு படி கீழே வாருங்கள், நிறுத்தாதீர்கள்.

நல்ல நாளில் உற்சாகமாகி வீடு முழுக்கக் கழுவிவிடுவது, மறுநாள் படுக்கையில் கிடப்பது. இந்தக் கிறுக்குத்தனத்தை நானும் செய்திருக்கிறேன். வலி என்ன சொன்னாலும் அன்றைய அளவு அன்றைய அளவுதான். பெல்ட்டைக் கழற்றுவதும் இப்படியே: பிசியோதெரபிஸ்டைக் கேட்டுக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாகக் குறையுங்கள்.

ஏழாம் படி: 'எனக்குக் கோபமே வராதுங்க'

உணர்ச்சிகளை உடம்பை வைத்தே சொல்லும் பழக்கம் தமிழில் உண்டு. வயிற்றைக் கலக்குகிறது, நெஞ்சு கனக்கிறது, தொண்டை அடைக்கிறது, அடிவயிறு பகீர் என்றது, ரத்தம் கொதிக்கிறது. "என்ன உணர்ச்சி?" என்று கேட்டால் முழிக்கிறவர்கள்கூட "உடம்புல என்ன பண்ணுது?" என்றால் சரியாகச் சொல்வார்கள். அங்கிருந்து பின்னோக்கிப் போகலாம். தொண்டை அடைத்தால் அழுகை, தாடை இறுகினால் கோபம், கை கால் சில்லிட்டால் பயம் என்று தோராயமாக வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். பிறகு உங்களுக்கே உங்கள் உடம்பின் அகராதி பிடிபடும்.

நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுதிப் பாருங்கள். யாருக்கும் காட்டாத எழுத்து. இலக்கணம் வேண்டாம், கெட்ட வார்த்தை வரலாம், எழுதி முடித்துக் கிழித்து அடுப்பில் போடலாம். விஷயம் அன்றாடச் சுமையாக இருக்கட்டும்: மாமியார், கடன், சூப்பர்வைசர். உயிர் போகும் தருவாயில் இருந்த அந்த நாளைத் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டாம். அது அடுத்த படி, துணையோடு செய்வது.

விழுங்கிய கோபத்தையும் துக்கத்தையும் அடையாளம் கண்டு வாய்விட்டுச் சொல்லப் பழக்கும் ஒரு சிகிச்சையை லாஸ் ஏஞ்சலஸில் நாள்பட்ட வலி உள்ள 126 முன்னாள் ராணுவ வீரர்களிடம் சோதித்து 2024இல் வெளியிட்டார்கள். எல்லோரும் அறுபது வயதைத் தாண்டியவர்கள், பலருக்குப் போர் அதிர்ச்சி. வலி 30 சதவீதமாவது தணிந்தவர்கள் இதில் 63 சதவீதம், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் வழக்கமான சிபிடி சிகிச்சையில் 17 சதவீதம். ஆம்பளை அழக் கூடாது என்று வளர்ந்தவர்களிடம் வந்த எண் இது என்பதுதான் எனக்கு வியப்பு.

எட்டாம் படி: பழைய காயம்

இதைத் தனியாகச் செய்யாதீர்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநெருக்கடிக்குச் சிபிடியின் ஒரு வகையையும், கண்ணை அசைத்துக்கொண்டே பழைய நினைவைக் கையாளும் ஈஎம்டிஆரையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. இந்தியாவில் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் அல்லது மனநல மருத்துவரிடம் கேளுங்கள்: அதிர்ச்சி சிகிச்சையில் என்ன பயிற்சி பெற்றீர்கள்? நான் தாங்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்? இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முதல் நாளே முழுக் கதையையும் சொல்லச் சொல்கிறவர், கேட்காமல் தொடுகிறவர், மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர், 'பத்து சிட்டிங் பேக்கேஜ், வலி கியாரண்டியா போயிடும்' என்கிறவர்: இவர்களிடமும் வேண்டாம்.

நல்ல அமர்வு பெரும்பாலும் சப்பென்றுதான் இருக்கும். அக்காவோடு அந்த வேனுக்குள் ஒரு தடவைக்கு மூன்று நிமிடம் போவோம், அதற்கு மேல் இல்லை. "வேன் கெளம்புது..." என்று ஆரம்பிப்பார். "இப்ப உடம்புல?" என்பேன். "கை சில்லுன்னு ஆயிருச்சுங்க." நிறுத்தி, பாதத்தைத் தரையில் பதித்து, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்ப்போம். கை சூடாகும்வரை டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டிருப்பார். மறுபடி ஒரு நிமிடம். போவதும் திரும்பி வருவதுமாக. அங்கே போனால் திரும்பி வர முடியும் என்று உடம்பு கற்றுக்கொள்வதுதான் வேலை, கதை முழுதாக வெளிவருவது இல்லை.

ஆறாவது வாரத்தில் வந்தது. அன்றைக்கு ஜன்னலோர சீட் அக்காவுடையது. பக்கத்தில் இருந்த பெண் வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்றதும் மாறி உட்கார்ந்தார்கள். வேன் அந்தப் பக்கமாகத்தான் கவிழ்ந்தது. "எனக்கு ஒண்ணும் ஆகலீங்க" என்று மூன்று வருடமாக எல்லோரிடமும் சொன்னவர், அன்றைக்கு அந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டு அழுதார். இடுப்பில் கை வைத்துக்கொண்டே அழுதார். அன்று ராத்திரி எட்டு மணி வலி 8. மறுநாள் 6. நல்லதுக்கு முன் ஏறும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் பயப்படவில்லை.

இந்தக் கட்டத்தில் 'நான் இங்க இல்லாத மாதிரி இருக்கு' என்ற மரத்த நிலை, அடிக்கடி கெட்ட கனவு, வாழ்வதில் வெறுப்பு வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், உடனே சொல்ல வேண்டும். மனநல உதவி எண்கள்: இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926. இரண்டிலும் தமிழில் பேசலாம்.

வலி திரும்பி வரும் நாளில்

வரும். மழை, மாதவிலக்கு, சீட்டுக்காசு கட்ட முடியாத மாதம், காரணமே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை. 'எல்லாம் போச்சு, பழையபடி ஆயிடுச்சு' என்ற எண்ணம்தான் இரண்டு நாள் வலியை இரண்டு மாத வலியாக்குகிறது. புதிய அறிகுறி ஏதாவது இருக்கிறதா என்று முதல் படியை ஒருமுறை புரட்டுங்கள். இல்லையென்றால் நோட்டில் தேதி போட்டு, எண் போட்டு, நான்காம் படிக்குத் திரும்புங்கள். வாளியில் தண்ணீரைப் பாதியாக்கலாம், காலியாக்க வேண்டாம். நள்ளிரவில் செல்போனில் 'டிஸ்க் ஆபரேஷன்' என்று தேடாதீர்கள். வீட்டிலிருப்பவர்களும் மணிக்கொரு தரம் "வலிக்குதா?" என்று கேட்பதை விட்டுவிட்டு "டீ போடட்டுமா?" என்று கேட்டால் நல்லது.

அக்காவுக்கு இப்போது பெரும்பாலும் 1, 2. ஆர்டர் அவசரமான வாரத்தில் 4 வரை போகிறது. பெல்ட்டை மகன் எங்கேயோ போட்டுவிட்டான். வேனில் போய் வருகிறார், நடு சீட்டில். ஜன்னலோரம் இன்னும் உட்காரவில்லை. "இருக்கட்டுமுங்க, இப்ப என்ன அவசரம்" என்கிறார். அவசரம் இல்லைதான்.